ஸ்டாலின்கிராட் தின்ற கிடா

இப்போதெல்லாம் மனிதர்கள் தாங்கள் பார்த்ததைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. பார்க்காததைப் பற்றித்தான் மூச்சு விடாமல் பேசுகிறார்கள். நம்பாவிட்டால் அக்டோபர் மாதம் எங்கள் அலமைன் பக்கம் வந்து பாருங்கள். கெய்ரோவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். உலகப்போர்க் கல்லறைகளுக்கு நடுவே நின்று கையை நீட்டி, அங்கேதான் டாங்கிகள் நின்றன என்பார்கள். நீட்டிய கைக்கு நேராக இருப்பது என் வீட்டுக் கழிப்பறை. போன வருஷம் ஒருத்தன் என் அத்திமரத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, தளபதி இந்த நிழலில்தான் நின்று யோசித்தார் என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டானாம். அந்த மரத்தை நட்டவன் நான். அந்தத் தளபதி ஊருக்குப் போய் இருபது வருஷம் கழித்து நட்டேன்.

என் பெயர் ரஹூமா. எனக்குப் பள்ளிக்கூடம் அதிகமில்லை. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை. வந்த நஷ்டமெல்லாம் மற்றவர்கள் படித்ததால் வந்தது.

என் வழக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பற்றியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பஞ்சாயத்து நடந்த அந்த இரண்டு நாளில் என்னைத் தவிர எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

தொட்டி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ரோமர்கள் பாறையைக் குடைந்து வெட்டியது. மழை பெய்தால் மேட்டிலிருந்து வழிகிற தண்ணீர் அதற்குள் இறங்கும். கோடை முழுக்க என் ஆடுகள் அதைக் குடிக்கும். அது இல்லையென்றால் நான் லாரித் தண்ணீரை நம்பியிருக்க வேண்டும். லாரிக்காரன் வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்ததே கிடையாது. தொட்டிக்கு மேற்கே, மேட்டின் உச்சியில், ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கற்குவியல் உண்டு. குவியலுக்கு இந்தப் பக்கம் என் நிலம், அந்தப் பக்கம் மிஃப்தாவின் நிலம். என் அப்பா உயிரோடு இருந்தவரை அப்படித்தான் சொன்னார். போருக்கு முன்னாடியே போட்ட எல்லை என்பார்.

மிஃப்தா என் மனைவி ஹனீயாவுக்கு அண்ணன். எனக்கு மச்சான். போன குளிர்காலத்தில் அவனுடைய தொட்டி விரிசல் விட்டது. பூசினான், நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சரித்திரத்தில் ஆசை வந்தது. அந்தக் கற்குவியல் எல்லையே இல்லை, போரில் இங்கிலீஷ் சிப்பாய்கள் மறைந்து நின்று பார்ப்பதற்காக அடுக்கியது, உண்மையான எல்லை கிழக்கே கீழே ஓடுகிற மழைநீர் ஓடைதான் என்று சொல்ல ஆரம்பித்தான். ஓடைதான் எல்லை என்றால் தொட்டி அவன் பக்கம் போய்விடும்.

எங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் போலீஸுக்குப் போவதில்லை. பெரியவர்களை உட்கார வைத்துத் தீர்த்துக்கொள்வோம். அவர்கள் எவன் இடத்தில் உட்காருகிறார்களோ அவன் சோறு போட வேண்டும். தொட்டி என் கையில் இருந்ததால் கூடாரமும் என் வாசலில்தான் போடவேண்டி வந்தது. நான் கணக்குப் போட்டது ஒரு ஆடு. காலையில் பேச்சு, மதியம் சோறு, சாயங்காலம் தீர்ப்பு.

மூன்று பெரியவர்கள் வந்தார்கள். தலைமை ஹாஜ் சல்லூமா. எண்பது தாண்டியவர். அடிதடியில் யாருக்காவது காயம் பட்டால் அதை அளந்து பார்த்து, இதற்கு இத்தனை ஒட்டகம் என்று நஷ்டஈடு சொல்வது அவருடைய வேலை. உடைந்த பல், கிழிந்த காது, எல்லாவற்றுக்கும் அவரிடம் அளவு உண்டு. அவருடைய இடது கையில் இரண்டு விரல் கிடையாது. சின்ன வயதில் ஆடு மேய்க்கும்போது மண்ணில் எதையோ தொட்டார். அது போரில் புதைத்த கண்ணிவெடி. இரண்டாவது பெரியவர் அவ்வாத், சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் தவிர மற்ற நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர். மூன்றாமவர் இந்த இருவரும் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்.

மிஃப்தா ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தான். வாத்தியார் வஜ்தி. தமன்ஹூர்க்காரர், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர், சரித்திரப் பாடம். மூக்குக்கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை, மணலுக்கு ஆகாத செருப்பு. ஆள் கெட்டவர் இல்லை. பேச விட்டால் நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான்.

முதல் சுற்றுத் தேநீர் முடிந்ததும் வாத்தியார் சாட்சி சொன்னார். இந்த மேடு போர் நடந்த அந்தக் கோடை முழுக்க இங்கிலீஷ்காரன் கையில் இருந்தது, இப்படிப்பட்ட மேடுகளில் எல்லாம் கல் அடுக்கிக் காவல் இருந்தார்கள், ஆகவே இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

"நீ பாத்தியா?" என்று நான் கேட்டேன்.

"படிச்சேன், பெரியவரே."

"அப்ப புஸ்தகத்துல இருக்கிற தொட்டிய அவனுக்குக் குடு. இங்க இருக்கிறத எனக்கு விட்டுரு."

அதோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு. ஹாஜ் சல்லூமா கையைத் தூக்கி என்னை அடக்கினார். வாத்தியார் பக்கம் திரும்பி, அந்த இங்கிலீஷ்காரன் இங்கே எதற்காக வந்தான் என்று கேட்டார். கேட்டிருக்கவே கூடாது.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அலமைனைச் சொல்ல லிபியாவிலுள்ள தொப்ருக்கைச் சொல்ல வேண்டும் என்றார். தொப்ருக்கைச் சொல்ல இத்தாலிக்காரனைச் சொல்ல வேண்டும். இத்தாலிக்காரனைச் சொல்ல ஹிட்லரை. கடைசியில், இந்தப் போருக்கு முந்தைய பெரிய போரிலிருந்து ஆரம்பித்தார். அதில் தோற்ற ஜெர்மனியை ஜெயித்தவர்கள் ஒட்டச் சுரண்டினார்களாம். நிலம், நிலக்கரி, பணம், எதையும் விடவில்லையாம். சுரண்டப்பட்டவன் இருபது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, ஹிட்லர் என்று ஒருத்தனைத் தலைவனாக்கிக்கொண்டு திரும்பி வந்தானாம்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா திரும்பி வரத்தான் செய்வான்" என்றார் ஹாஜ். தலையாட்டுகிறவர் தலையாட்டினார்.

எங்கள் பெரியவர்களுக்கு ஒரு வழக்கைக் கேட்டால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. யார் மேல் குற்றம், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முடிவு சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் எவனோ எவன் நிலத்திலோ நுழைந்ததற்கு என் கூடாரத்தில் விசாரணை ஆரம்பமானது.

வாத்தியார் கூட்டணிகளை விளக்கினார். ஹிட்லர், முசோலினி, ஜப்பான்காரர்கள் ஒரு கூட்டு. அச்சு நாடுகள் என்று பெயர். சர்ச்சில், ஸ்டாலின், ரூஸ்வெல்ட் இன்னொரு கூட்டு; நேச நாடுகள் என்று பெயர். இது ஹாஜுக்கு உடனே புரிந்தது. எங்களிலும் ரத்தப்பணத்தைச் சேர்ந்து கட்டுகிற கூட்டங்கள் உண்டு. ஒருத்தன் கொலை செய்தால் கூட்டத்தில் உள்ள அத்தனை பேரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும்.

"அப்ப ஜப்பான்காரன் ஒருத்தன அடிச்சா இத்தாலிக்காரனும் கட்டணும்?"

"அப்படி ஒப்பந்தத்துல எழுதல, ஹாஜியாரே."

"எழுதாட்டி என்ன? சேந்து சாப்பிட்டாங்கல்ல, சேந்து கட்டணும்."

போலந்து மதியத்துக்கு முன்னால் முடிந்தது. மின்னல் போர் என்று ஒரு முறையாம். முன்கூட்டிச் சொல்லாமல் டாங்கியும் விமானமுமாக விழுவது. எங்களில் தூங்குகிற கூடாரத்தின் மேல் விழுந்தவனுக்கு இரட்டை அபராதம். ஹிட்லருக்கு இரட்டை போட்டார்கள். ஆனால் ஸ்டாலினும் அப்போது ஹிட்லரோடு கை குலுக்கிக்கொண்டு போலந்தில் பாதியை எடுத்துக்கொண்டான் என்று வாத்தியார் சொன்னதும் ஹாஜுக்கு முகம் மாறிவிட்டது. நேசம் என்று பெயர் வைத்துக்கொண்டவன் செய்கிற வேலையா என்று கேட்டார். அவனுக்கும் போட்டார். போலந்துக்கு ஒரு ஆடு போனது. நான் கணக்குப் போட்டு வைத்திருந்த அந்த ஒரு ஆடு.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் தொட்டியை ஞாபகப்படுத்தினேன். இரு ரஹூமா, ரஷ்யாக்காரன் நிலைமை என்னவென்று தெரிந்துகொள்கிறோம் என்றார்கள். மிஃப்தா ஓரமாக உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். அவனுக்கென்ன, சோறு என்னுடையது.

முசோலினி வந்ததும் கூடாரத்தில் சூடு ஏறியது. அவனைப் பற்றி வாத்தியார் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. லிபியா எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்களை ஆட்டுமந்தை போலக் கம்பிவேலிக்குள் அடைத்துச் சாகவிட்டவன் அவன். தப்பி வந்தவர்களுக்கு எங்கள் அப்பாக்கள் கூடாரம் கொடுத்தார்கள். அவன் கெய்ரோவுக்குள் வெற்றி ஊர்வலம் வர, லிபியாவுக்கு ஒரு வெள்ளைக் குதிரையைக்கூடக் கொண்டுவந்து காத்திருந்தான் என்று வாத்தியார் சொன்னார். கெய்ரோ கிடைக்காமல் திரும்பிப் போய்விட்டானாம்.

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அவ்வாத் கண்ணைத் திறந்தார்.

"குதிரை என்ன ஆச்சு?"

வாத்தியார் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"இத்தன பேச்சு பேசறீங்க, குதிரை என்ன ஆச்சுன்னு தெரியாதா?"

"புஸ்தகத்துல அது இல்ல, பெரியவரே."

அவ்வாத் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அங்கே கேட்ட கேள்விகளில் அதுதான் நல்ல கேள்வி என்று நான் நினைத்தேன். வாயில்லாத ஜீவனைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவன் பதில் சொல்ல வேண்டாமா?

ஜெர்மன் தளபதி ரொம்மெலைப் பாலைவன நரி என்பார்களாம், பெருமையாக. எங்கள் ஊரில் ஒருத்தனை நரி என்றால் அவன் சொன்னவன் மூக்கை உடைப்பான், பிறகு ஹாஜ் வந்து மூக்கை அளப்பார். இதில் வேடிக்கை, அக்டோபர் சண்டை ஆரம்பித்த இரவு அந்த நரி இங்கேயே இல்லை. உடம்பு சரியில்லை என்று சொந்த ஊருக்குப் போயிருந்தது. ஆயிரம் பீரங்கி ஒரே சமயத்தில் வெடித்தபோது ஆள் அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் தளபதி மான்ட்கோமரி குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், நேரத்துக்குப் படுத்துவிடுவார். பெண் கொடுக்கலாம் என்று மூன்று பெரியவர்களும் ஒத்துக்கொண்டார்கள். சர்ச்சில் வாயிலிருந்து சுருட்டை எடுக்காதவர் என்பதால் அவர் வீட்டுக்குக் கொடுக்க யோசித்தார்கள்.

"எங்க தொட்டி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வரும் வரும்" என்றார் ஹாஜ். "முதல்ல அந்தப் பனி பெய்யற ஊரு."

அந்த ஊர் ஸ்டாலின்கிராட். பொழுது சாய்ந்த பிறகும் அது விழவில்லை. தெருத் தெருவாகச் சண்டை. ஒரே கட்டிடத்தில் மேல் மாடியில் ஒருத்தன், கீழ் மாடியில் அவன் எதிரி. பனியில் எண்ணெய் உறைந்து வண்டி கிளம்பவில்லை. இதையெல்லாம் கேட்டால் பெரியவர்களுக்குப் பசிக்காதா? அவர்களை வெறும் ரொட்டியோடு அனுப்பினால் ஊரில் என் பெயர் என்ன ஆகும்? நான் போய் பெருநாளுக்கு என்று வளர்த்த பழுப்புத் தலைக் கிடாவை அவிழ்த்தேன். அங்கே மாட்டிய மொத்த ஜெர்மன் படையும் சரணடைந்ததற்கு நான் கொடுத்த விலை அது. ஸ்டாலின்கிராட் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அது என் கிடாவைத் தின்றது என்பது நிச்சயம்.

ஹனீயா அடுப்பில் இருந்தாள். உன் அண்ணனால் வந்த வினையைப் பார் என்றேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"எங்கண்ணன் ஆடும் ஆடுதான. அதுக்குத் தாகம் எடுக்காதா?"

"அதுக்கு என் தொட்டிதான் கெடச்சுதா?"

"வேற யார் தொட்டி இருக்கு இங்க?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கிடாவை அறுக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலையில் பெரியவர்கள் திரும்ப வந்தார்கள். கூடவே கேள்விப்பட்டு இன்னும் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கும் தேநீர் கொடுக்க வேண்டும். வாத்தியார் ஜப்பானைத் தொடங்கப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆட்கள் தூங்கி எழும் நேரத்தில், பேர்ல் ஹார்பர் என்ற துறைமுகத்தில் குண்டு போட்டது வரை வந்தார். ஹாஜ் நிறுத்தினார். அன்றைக்கு அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. ராத்திரி தூங்கவில்லை போல. இடது கையைப் பாயின் மேல் விரித்து வைத்தார்.

"வாத்தியாரே, எனக்கு ஒண்ணு சொல்லு. இத வெச்சது யாரு?"

வாத்தியார் கையைப் பார்த்தார். ஜெர்மன்காரன் தன் கண்ணிவெடி நிலங்களுக்குச் சாத்தானின் தோட்டம் என்று பெயர் வைத்திருந்தான் என்றார். லட்சக்கணக்கில் புதைத்தான். அவனோடு இருந்த இத்தாலிக்காரனும் புதைத்தான். ஆனால் இங்கிலீஷ்காரனும் புதைத்தான். ஒருத்தன் புதைத்ததை இன்னொருத்தன் தோண்டி எடுத்து வேறு இடத்தில் புதைத்ததும் உண்டு.

"அப்ப என்னோடது?"

"சொல்ல முடியாது, ஹாஜியாரே."

"அறுபது வருஷமா ஊருக்கெல்லாம் விரல் அளந்திருக்கேன். என் விரலுக்கு யார் வாசல்ல போய் நிக்கறதுன்னு எனக்குத் தெரியல." அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. "தோட்டம்னு பேரு வேற. தோட்டம் போட்டவன் வேலி கட்டுவான், காவல் இருப்பான். இவனுங்க போட்டுட்டு ஓடிட்டானுங்க."

தொட்டியைப் பற்றிப் பேச நல்ல நேரம்தான், ஆனால் நான் எழுந்து அவருக்குத் தேநீர் ஊற்றினேன்.

பிறகு அவர் இரண்டு பெரியவர்களோடும் தலையைச் சேர்த்துக் கொஞ்சம் பேசினார். தீர்ப்புச் சொன்னார். ஒரு பயிரை எவனுடைய ஆடு மேய்ந்தது என்று தெரியாவிட்டால், அன்றைக்கு அந்தப் பக்கம் வந்த மந்தைக்காரர்கள் அத்தனை பேரும் கட்ட வேண்டும். அது எங்கள் வழக்கம். ஆகவே ஜெர்மன்காரன், இத்தாலிக்காரன், இங்கிலீஷ்காரன் மூன்று கூட்டமும் சேர்ந்து, விரலுக்கு ஒட்டகம், காலுக்கு ஒட்டகம், உயிருக்கு ஒட்டகம், இந்தப் பக்கத்தில் போன எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டும்.

வாத்தியார் தயங்கினார். "ஹாஜியாரே, இங்கிலீஷ்காரங்க ஜெயிச்சவங்க."

"ஜெயிச்சவன் ஆட்டுக்குப் பல்லு கெடையாதா?"

எப்படி வசூலிப்பது என்று யாரோ கேட்டார்கள். அக்டோபரில் மூன்று நாட்டு ஆட்களும் மாலை வைக்க வருவார்கள் அல்லவா, அப்போது சொல்லிவிடலாம் என்றார் ஹாஜ். ஒட்டகமாகத்தான் வேண்டும், மாலையாக வேண்டாம் என்றார். அவர் சிரிக்கவில்லை. ஆகையால் நாங்களும் சிரிக்கவில்லை.

அப்பாடா என்று நான் எழுந்தேன். போர் முடிந்தது, தொட்டிக்கு வாருங்கள் என்றேன்.

கற்குவியலைப் போட்டது யார் என்பதுதான் கேள்வி. சிப்பாய் போட்டது என்று தெரிந்தால் அது எல்லையே இல்லை; வந்தவன் போனவன் கல்லுக்கு எங்கள் நிலத்தில் பேச்சில்லை. இதை ஹாஜ் சொன்னதும் மிஃப்தா நிமிர்ந்து உட்கார்ந்தான். எங்கள் ஆட்கள் போட்டது என்று தெரிந்தால் அது எல்லை. அதற்கு அடையாளம் உண்டு. நாங்கள் எல்லைக்கல் போடும்போது இரண்டு வீட்டாரும் தங்கள் அடுப்பிலிருந்து கரி கொண்டுவந்து அடியில் புதைப்போம். கல் நகரலாம், மரம் சாகலாம், கரி மக்காது. ஆகவே பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"பிரிச்சுப் பாருங்க" என்றேன்.

"பிரிக்கலாம்" என்றான் மிஃப்தா. "யாரு பிரிக்கிறது?"

அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. சிப்பாய்கள் இந்த மண்ணில் என்னவெல்லாம் புதைத்துவிட்டுப் போனார்கள் என்று காலையில் வாத்தியார்தான் சொன்னாரே. மேட்டுக்கு எல்லோரும் வந்தார்கள், ஆனால் வரும் வழியிலேயே கூட்டம் மெலிந்தது. ஒருத்தனுக்குச் செருப்பில் முள். ஒருத்தன் பிக்கப் வண்டியைத் தள்ளி நிறுத்தப் போனான்; அவனுக்கு உதவியாக நாலு பேர். அவ்வாத் வண்டிக்குள்ளேயே தூங்குவதாகச் சொன்னார். வாத்தியார் வண்டிக்குப் பின்னால் நின்று, பொதுவாக அழுத்தம் கொடுத்தால்தான் வெடிக்கும், தூக்கினாலும் வெடிக்கிற வகை உண்டு, கம்பி கட்டிய வகையும் உண்டு என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீ வா" என்று மிஃப்தாவைக் கூப்பிட்டேன். "எல்லை உன்னோடதும்தான."

"எனக்கு அது எல்லையே இல்லியே மச்சான். இருக்குன்னு சொல்றவன்தான் காட்டணும்."

நான் தனியாகப் போனேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம். என் அப்பா போட்ட குவியலில் குண்டு இருக்காது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனாலும் முதல் கல்லை எடுக்கும் முன் குவியலை இரண்டு முறை சுற்றி வந்தேன். பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. ஹாஜ் சல்லூமா.

"நீங்க எதுக்கு வந்தீங்க, ஹாஜியாரே? தள்ளி நில்லுங்க."

"எட்டு விரல் மிச்சம் இருக்கு. இந்த வயசுக்கு அது ஜாஸ்தி." குனிந்து ஒரு கல்லை எடுத்து மெதுவாகக் கீழே வைத்தார். "மெதுவா எடு. இழுக்காத."

இரண்டு கிழவர்கள் ஒவ்வொரு கல்லாக எடுத்தோம். மேலே இருந்தவற்றுக்கு நடுவில் துருப்பிடித்த டின்கள், ஒரு பூட்ஸின் அடிப்பாகம். வண்டிப் பக்கமிருந்து மிஃப்தா, சிப்பாய் சாமான், சிப்பாய் சாமான் என்று கத்தினான். நான் காதில் வாங்கவில்லை. கடைசி வரிசைக் கல்லைப் புரட்டியபோது தகரம் தெரிந்தது. ஹாஜ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, அதைச் சுற்றிலும் மூன்று விரலால் மணலைத் தள்ளினார். நான் எங்கள் தொழுகையில் உள்ள எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அது ஒரு சதுரமான டப்பா. இங்கிலீஷ் எழுத்து. மூடியைத் திறந்தார். உள்ளே கரி. ஒரு பாதி அத்திமரக் கரி, ஒரு பாதி முள்செடிக் கரி. இரண்டு அடுப்பு.

வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் செருப்பு முள் எடுபட்டுவிட்டது. ஓடி வந்தார்கள். வாத்தியார் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, இது இங்கிலீஷ் ராணுவத்துத் தேயிலை டப்பா, அலமைனில் அவர்கள் குடித்தது என்றார்.

ஆக, மிஃப்தா சொன்னதும் பொய். சிப்பாய் அவன் குப்பைக்கு அடியில் இரண்டு வீட்டுக் கரியைப் புதைக்க மாட்டான். ஆனால் நான் சொன்னதும் பொய் என்றார்கள். இங்கிலீஷ்காரன் டப்பா இங்கிலீஷ்காரன் வருவதற்கு முன்னால் எப்படி வரும்? சண்டைக்காக எங்களையெல்லாம் கிழக்கே துரத்தினார்கள். அப்போது நான் ஒட்டகத்தின் மேல் ஒரு கூடையில் கைக்குழந்தை. திரும்பி வந்தபோது பழைய அடையாளம் ஒன்றும் மிஞ்சவில்லை. என் அப்பாவும் மிஃப்தாவின் அப்பாவும் கிடந்த கல்லையும் கிடந்த டின்னையும் பொறுக்கிப் புதிதாக எல்லை போட்டிருக்கிறார்கள். இதுதான் ஹாஜ் சொன்னது.

"எங்கப்பா போருக்கு முன்னாடின்னுதான் சொன்னாரு" என்றேன்.

"எந்தப் போருக்கு? நமக்கு அதுக்கப்புறம் நாலு வந்திருக்கு. எது முன்னாடின்னு அவரு சொல்லலியே."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. டப்பா பிறகு உள்ளே விழுந்திருக்கலாம்.

ஹாஜ் தீர்ப்பைச் சொன்னார். குவியல்தான் எல்லை. தொட்டி ரஹூமாவுக்கு. நான் கையை நெஞ்சில் வைத்து நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவர் மேலே சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் மிஃப்தாவின் ஆடுகள் அதில் குடிக்கலாம், அவன் தொட்டி சரியாகும் வரை.

"ஏன் ஹாஜியாரே? ஜெயிச்சது நான்ல?"

"ஆமா. அதனாலதான்." அவர் வாத்தியாரைக் காட்டினார். "முதல் போர்ல தோத்தவன ஒட்டச் சுரண்டினாங்க, இருவது வருஷத்துல பெரிசா வந்து நின்னான்னு இவரு சொன்னாரா இல்லியா? உன் மச்சான் திரும்ப வந்தா அவன் புள்ளைங்களையும் கூட்டிட்டு வருவான். உக்காந்து கேக்க நான் இருக்க மாட்டேன்."

மிஃப்தா விடவில்லை. பெர்லினை நாலாகப் பிரித்தார்கள் என்று வழியில் வாத்தியார் சொன்னாரே, தொட்டியைச் சரிபாதியாகப் பிரிக்கக்கூடாதா என்று கேட்டான். இரண்டு நாளில் அவனுக்கு அவ்வளவு படிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் தண்ணீரோடு எழுந்து போ என்றார் ஹாஜ்.

அதற்காக மூன்றாவது ஆட்டை அறுத்தேன். சமாதானத்துக்கும் சோறு போட வேண்டுமாம்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மிஃப்தா தன் உரிமையை இன்றைக்கே ஆரம்பிப்பதாகச் சொல்லி, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பட்டியைத் திறந்துவிட்டான். அவன் ஆடுகள் மேட்டில் ஏறி வந்தன. ஓட்ட ஆளில்லை, நாயில்லை. பிரித்துப் போட்ட கற்களைச் சுற்றிக்கொண்டு, ஒன்றின் பின் ஒன்றாக, நேராக என் தொட்டியின் வாய்க்குப் போய், தண்ணீர் ஊற்றுகிற கல்தொட்டியின் இரண்டு பக்கமும் அது அதற்கு உரிய இடத்தில் நின்றன. ஒன்று திரும்பி என்னைப் பார்த்தது, ஏன் இன்னும் ஊற்றவில்லை என்பது போல. முன்பின் தெரியாத இடத்துக்கு ஆடு அப்படிப் போகாது. வெள்ளிக்கிழமைகளில் நான் ஹம்மாம் ஊர்ச் சந்தைக்குப் போனால் திரும்ப மாலையாகும்.

ஹனீயாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுங்களுக்கு வழி எப்படித் தெரியும்?"

"ஆட்டுக்கு மோப்பம் உண்டு" என்றாள்.

கூடாரத்தில் வாத்தியார் மறுபடி ஜப்பானை எடுத்திருந்தார். ஹாஜ் சல்லூமா அக்டோபரில் வரப்போகிறவர்களிடம் எத்தனை ஒட்டகம் கேட்பது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவ்வாத் யாரிடமோ குதிரையைப் பற்றி விசாரித்தார். பாலைவன நரி, மான்ட்கோமரி, மோப்பம், தேயிலை டப்பா, எதையும் நான் நம்பவில்லை. மிச்சமிருந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் பக்கம் நடந்தேன். போகும் வழியில், மேட்டில் பிரித்துப் போட்ட கல் ஒன்றில் கால் இடித்தது. என் அப்பா அதைப் போருக்கு முன்னாடிதான் போட்டார்.